தண்ணீர்த் தொட்டி வரை வரும் மாதா

சின்னாண்டிக்குழி,
22.04.2024

அன்புள்ள செலின் அக்காவுக்கு,

தங்கை பிரவீணா எழுதுவது. இயேசுவுக்கே புகழ். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் மதர் அவர்களுக்கும் என் வணக்கம். மடத்தில் நவதுறவுப் பயிற்சி வருடத்தில் போன் கூடாது, கடிதமும் அவர்கள் பார்த்த பிறகுதான் கைக்கு வரும் என்று போகும்போதே சொல்லிவிட்டுப் போனாய். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இங்கே நாங்கள் வெயிலில் வறுபட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறோம். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிவிட்டு வந்தால் மீசை, புருவம் எல்லாம் வெள்ளை. அம்மாவுக்கு முட்டிவலி. ஆனாலும் சனிக்கிழமை கோவிலைக் கூட்டித் துடைக்கப் போவதை நிறுத்தவில்லை. எனக்குத் திருச்சியில் காலேஜ் லீவு விட்டாயிற்று. ஃபாதர் கூப்பிட்டு, 'லீவுல சும்மாதான இருப்ப, பிள்ளைங்களுக்குப் பத்து நாள் மறைக்கல்வி வகுப்பு எடும்மா' என்றார். சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். இந்த வருடத் தலைப்பு 'ஒரே குடும்பம்'.

அந்தச் சந்தோஷம் நேற்றுப் பூசை முடிகிறவரைதான். வெளியே வந்து பலகையைப் பார்த்தால், மே மாத மாதா வணக்கத்துக்கு வீட்டுப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். தினம் சாயங்காலம் மாதா சுரூபம் ஒரு வீட்டுக்குப் போகும், அங்கே ஜெபமாலை, மறுநாள் அடுத்த வீடு. முப்பத்தொரு நாளுக்கு முப்பத்தொரு வீடு, அத்தனையும் வடக்குத் தெரு. நம் தெற்குத் தெருவில் நாற்பத்திரண்டு வீடு இருக்கிறது, எல்லாம் ஞானஸ்நானம் வாங்கிய வீடுதான். ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. கடைசி வரியில் மட்டும், 'மே 31 நிறைவுப் பவனி தண்ணீர்த் தொட்டி வரை. தெற்குத் தெரு மக்கள் அங்கு வந்து ஆசி பெறலாம்.' நான் பிறந்ததிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. நானும் இரண்டு தெருவுக்கும் நடுவில் நிற்கும் அந்தத் தொட்டிக்கடியில் நின்று கும்பிட்டவள்தான். இந்த வருடம் அதைப் படித்தபோது காதெல்லாம் சூடாகிவிட்டது.

மே 31 என்ன விழா, நீயே சொல். வயிற்றில் பிள்ளையோடு மாதா மலைநாட்டுக்கு விரைந்து போய் எலிசபெத்தம்மாவைப் பார்த்த விழா. அவ்வளவு தூரம் நடந்தவளை நம் ஊரில் தொட்டி தாண்டி இருநூறு அடி வர விடமாட்டார்கள்.

இதில் இன்னொரு கூத்து. அந்த மாதாவை மே மாதத்துக்குத் தயார் செய்கிறவள் நம் அம்மா. முப்பதாம் தேதி ஷாம்பூ பாக்கெட்டும் பழைய வேட்டித் துணியுமாகப் போவாள். முதலில் முகம், பிறகு கை, கடைசியாக மாதா காலடியில் மிதித்திருக்கும் பாம்பு. இருபத்திரண்டு வருடமாக வேறு யாரும் அந்தச் சுரூபத்தைக் கழுவியதில்லை. அம்மா கழுவலாமாம், வீட்டுக்குக் கூப்பிடக் கூடாதாம்.

ஃபாதரிடம் நேராகக் கேட்கப் போகிறேன். நீ என்ன சொல்கிறாய்? சீக்கிரம் எழுது. சாப்பாடு ஒழுங்காகப் போடுகிறார்களா என்றும் எழுது.

உன் தங்கை,
பிரவீணா

*

நவதுறவு இல்லம்,
பெரம்பலூர்,
27.04.2024

கிறிஸ்துவில் அன்புள்ள பிரவீணாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடு. வெயிலில் அப்பாவை மோர் எடுத்துக்கொண்டு போகச் சொல்.

இறைவன் அருளால் இங்கே நான் சுகம். நாங்கள் எட்டுப் பேர் இருக்கிறோம். மாதத்துக்கு ஒருமுறை வேலைகளை மாற்றித் தருவார்கள். சமையல், தோட்டம், பீட அலங்காரம் எல்லாம் உண்டு. எனக்கு இந்த மாதமும் கழிவறைப் பொறுப்புதான். தாழ்ச்சியைக் கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்பு.

நீ எழுதிய விஷயத்தில் அவசரப்படாதே. ஃபாதரை எதிர்த்துப் பேசாதே. ஜூன் 29 அன்று எங்களுக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவற வாக்குக் கொடுத்து வெள்ளைச் சேலை உடுத்தும் நாள். அதற்கு முன் பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம் வர வேண்டும். மற்ற ஏழு பேருக்கும் வந்துவிட்டது, எனக்கு மட்டும் இன்னும் வரவில்லை. எல்லாவற்றையும் ஜெபத்தில் ஒப்புக்கொடு. பொறுமையாக இரு.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.

அன்பு அக்கா,
செலின்

யாக்கோபு 2:3

*

சின்னாண்டிக்குழி,
03.05.2024

அக்கா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அம்மாவுக்குத் தைலம் தேய்த்தாயிற்று, அப்பா மோர் கொண்டுபோகிறார். போதுமா?

ஃபாதரிடம் கேட்டேன். எதிர்த்துப் பேசவில்லை, கை கட்டிக்கொண்டுதான் கேட்டேன். 'நான் இந்தப் பங்குக்கு வந்து ரெண்டு வருசம்தாம்மா ஆவுது. இதெல்லாம் பேரவையில முடிவு பண்றாங்க. ஜெயசீலன் சார்கிட்ட பேசு' என்று சொல்லிவிட்டு, வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

பங்குப் பேரவைத் தலைவரான ஜெயசீலன் சாரை அவருடைய உரக்கடையில் போய்ப் பார்த்தேன். வாயெல்லாம் பல்லாக, 'வா பாப்பா, காலேஜு லீவா?' என்றார். நாற்காலி போட்டிருந்தது. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

'மாதா எல்லாருக்கும் பொதுதாம்மா. ஒங்கள வரக் கூடாதுன்னா சொன்னோம்? தொட்டிகிட்ட வாங்க, கும்புடுங்க, போங்க. தெருவுக்குத் தெரு ஒரு மொற இருக்குல்ல?'

'எங்க வூட்டுக்கு வந்தா என்ன ஆவும் சார்?'

'மாதா எறங்குற வூடுன்னா ஒரு சுத்தம் வேணுமில்ல.'

'எங்கம்மா கழுவிக் குடுக்குற மாதாவுக்கு எங்கம்மா வூடு சுத்தமில்லையா?'

சிரிப்பு நின்றுவிட்டது. யூரியா மூட்டையைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: 'ஒங்க அக்காளுக்கு ஜூன்ல வார்த்தைப்பாடாமே. குடும்பம் எப்படின்னு எங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுதான் ஃபாதர் லெட்டர் எழுதுவாரு. பாத்து நடந்துக்க.'

புரிகிறதா? உன் லெட்டர் ஏன் வரவில்லை என்று இப்போது தெரிகிறதா? இதற்கெல்லாம் ஒரே பெயர்தான், சாதி. கோவிலுக்குள் அந்த வார்த்தையைச் சொன்னால் பாவம், செய்தால் முறை.

வீட்டில் அம்மா என் வாயைப் பொத்துகிறாள். 'அவ வெள்ளச் சேல கட்டுற வரைக்கும் நீ வாயத் தொறக்காத. உனக்கு அப்புறம் பேச ஆயுசு இருக்கு' என்கிறாள். நீயும் அதையேதான் வேறு வார்த்தையில் எழுதியிருக்கிறாய். பொறுமை, ஜெபம், தாழ்ச்சி, கடைசியில் தினக் காலண்டரில் போடுவதுபோல ஒரு வசன எண். எனக்கு வசனம் வேண்டாம், அக்கா. எனக்கு நீ கோபப்பட வேண்டும்.

பிரவீணா

*

நவதுறவு இல்லம்,
பெரம்பலூர்,
09.05.2024

கிறிஸ்துவில் அன்புள்ள பிரவீணாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் கடிதத்தில் யாருடைய சுகமும் இல்லை. ஆனாலும் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நான் நலமே. இந்த மாதம் வேலைகள் மாறின. என்னுடையது மட்டும் மாறவில்லை. பழகிவிட்டதால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

மதர் என்னை அழைத்து உன் கடிதத்தைப் பற்றிப் பேசினார்கள். துறவிக்கு ஊரும் தெருவும் கிடையாது, வீட்டிலிருந்து இப்படிப்பட்ட பேச்சு வந்தால் மனம் அலையும் என்றார்கள். இனி இம்மாதிரி எழுத வேண்டாம். பெரியவர்கள் மனம் மாற வேண்டிக்கொள். அம்மா சொல்வதைக் கேள்.

வகுப்புக்குத் தயார் செய்கிறாயா? சின்ன வயதில் வசனம் தேடும் போட்டியில் நீதான் எப்போதும் முதலில் எடுப்பாய். நான் பக்கம் புரட்டுவதற்குள் எழுந்து நின்று கத்துவாய். இப்போதும் அப்படி எடுக்கிறாயா?

அன்பு அக்கா,
செலின்

ஆமோஸ் 5:21
கலாத்தியர் 2:11,12

*

சின்னாண்டிக்குழி,
15.05.2024

செலின் அக்காவுக்கு,

வகுப்பு திங்கட்கிழமை தொடங்கியது. இரண்டு தெருவிலிருந்தும் சேர்த்து முப்பத்தாறு பிள்ளைகள். 'ஒரே குடும்பம்' என்று பலகையில் கலர் சாக்பீஸில் எழுதி, பூ வரைந்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, தொண்டை கட்டிப்போயிற்று. இடைவேளையில் எலுமிச்சை ஜூஸ் கலந்து கோவில் டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தேன். எல்லாரும் குடித்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் வடக்குத் தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு டம்ளரோடு வந்தார்கள். எவர்சில்வர், பிளாஸ்டிக், பொம்மை போட்ட பாட்டில். 'ஏன்டா?' என்று கேட்டால், 'வூட்ல குடுத்தாங்க டீச்சர்' என்கிறார்கள். பிள்ளைகளை என்ன சொல்ல? லாவண்யா என்று ஒன்பது வயசுப் பெண், ஜெயசீலன் சாருடைய அண்ணன் பேத்தி. டம்ளரை மறந்துவிட்டு வந்து, கோவில் டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டாள். சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த அவளுடைய அத்தை நர்மதா, என் கண் முன்னாலேயே அவள் தோளில் ஒரு அடி வைத்தாள். 'ஒனக்கு எத்தன தடவ சொல்றது?' அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே போனது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். உனக்காக நின்றேன்.

இன்னொன்று கேள். முப்பத்தொன்றாம் தேதி நிறைவுப் பவனியில் சின்னத் தேரின் வடத்தை வழக்கம்போல வகுப்புப் பிள்ளைகள்தான் இழுப்பார்கள். தொட்டியடியில் தேரை எப்படித் திருப்ப வேண்டும் என்று நான்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். பேரவைத் தீர்மானம். என் தெருவுக்கு முதுகைக் காட்டித் திரும்ப நானே பயிற்சி கொடுக்க வேண்டும்!

நீ என்னவென்றால் அம்மா சொல்வதைக் கேள் என்கிறாய். ஊரும் தெருவும் இல்லை என்கிறாய். உனக்கு இல்லாமல் போகலாம். நாங்கள் அதே தெருவில்தான் சாப்பிட்டுத் தூங்குகிறோம். ஒரு வெள்ளைச் சேலைக்காக நீ எங்களை விட்டுக்கொடுத்துவிட்டாய், அக்கா. அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தால் உன்னை வடக்குத் தெருவில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். போய்க் குடி. இனி நான் எழுத மாட்டேன்.

பிரவீணா

*

நவதுறவு இல்லம்,
பெரம்பலூர்,
18.05.2024

பிரவீணா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் சுகம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ பைபிளைத் திறந்து எத்தனை நாளாயிற்று?

செலின்

எஸ்தர் 4:14

*

சின்னாண்டிக்குழி,
22.05.2024

என் அன்பு அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நீ சுகமாக இருக்கிறாயா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? கேட்க வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

நேற்று வகுப்பில் வசனம் தேடும் போட்டி வைத்தேன். எனக்குத் தெரிந்த எண்ணெல்லாம் தீர்ந்துபோயிற்று. உன் கடிதங்கள் பையில் கிடந்தன. அன்பே, ஆனந்தமே என்று ஏதாவது இருக்கும், பிள்ளைகளுக்கு அது போதும் என்று நினைத்து, முதல் கடிதத்தை எடுத்து 'யாக்கோபு இரண்டு, மூன்று!' என்று கத்தினேன். லாவண்யாதான் முதலில் எழுந்தாள். கணீரென்று வாசித்தாள். பளபளப்பான உடை போட்டு வருகிறவனைப் பார்த்து ஐயா இங்கே உட்காருங்கள் என்றும், ஏழையைப் பார்த்து நீ அங்கே நில், இல்லாவிட்டால் என் கால்மாட்டில் உட்கார் என்றும் சொல்கிறீர்களே என்று யாக்கோபு திட்டுகிறார்.

வாசித்துவிட்டு அந்தப் பெண் உட்காரவில்லை. 'டீச்சர், இது நம்ம டம்ளரப் பத்தியா?' என்று கேட்டாள். ஒரு பையன் தன் டம்ளரை பெஞ்சுக்கடியில் தள்ளினான்.

மற்ற வசனங்களை வீட்டில் வந்து எடுத்தேன். ஆமோஸில் கடவுளே, உங்கள் திருவிழாக்களைப் பார்த்தால் எனக்கு வெறுப்பாக இருக்கிறது என்கிறார். கலாத்தியரில், புற இனத்தாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட பேதுரு, நாலு பேர் வந்ததும் நைசாக ஒதுங்கிக்கொள்கிறார், பவுல் அவரை முகத்துக்கு நேராகக் கேட்கிறார். பேதுருவையே! எஸ்தரில், இந்த நேரத்தில் நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் உன் சனத்துக்கு உதவி வேறெங்கிருந்தாவது வரும், இந்த வேளைக்காகத்தான் நீ அந்த இடத்தில் இருக்கிறாயோ என்னவோ என்று சொல்லியனுப்புகிறார்கள்.

மேலே பொறுமை பொறுமை என்று எழுதிவிட்டு, கீழே இதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாயா? நான் அதைக் காலண்டர் என்று சொன்னேன். ஒரு மாதமாக நீ என்னைவிட அதிகக் கோபத்தில் இருந்திருக்கிறாய். வசனம் தேடுவதில் முதலாவதாக வந்தவளுக்கு அது தெரியவில்லை. பதினைந்தாம் தேதி எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. மன்னித்துக்கொள்.

மதர் அவர்களே, வேதத்தில் இருப்பதைத்தானே அக்கா அனுப்பினாள், அதில் தப்பில்லையே?

இன்னொன்றும் இப்போதுதான் உறைத்தது. எட்டுப் பேருக்கும் வேலை மாறும்போது உனக்கு மட்டும் ஏன் கழிவறை மாறவில்லை? நீ பதில் எழுத வேண்டாம். எனக்குப் புரிந்துவிட்டது.

முப்பத்தொன்றாம் தேதிக்காக வேண்டிக்கொள். வேறொன்றும் எழுத மாட்டேன். எழுதினால் உனக்குத்தான் கெடுதல்.

உன் முட்டாள் தங்கை,
பிரவீணா

*

சின்னாண்டிக்குழி,
01.06.2024

அன்பு அக்கா,

எல்லாரும் சுகம். அம்மா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, ஆனால் அது வியாதி இல்லை.

நேற்றுச் சாயங்காலம் ஐந்தரைக்குப் பவனி கிளம்பியது. சின்னத் தேரில் மாதா, முன்னால் வடம் பிடித்து முப்பத்தாறு பிள்ளைகள், பின்னால் ஃபாதரும் வடக்குத் தெரு முழுசும். தொட்டியடியில் நம் ஆட்கள் வழக்கம்போல மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். ஜெயசீலன் சார் கையைத் தூக்கி, 'ம், திருப்புங்க' என்றார்.

நான் பிள்ளைகளுக்குத் திருப்பக் கற்றுக்கொடுக்கவே இல்லை. 'மாதா எலிசபெத்தம்மா வூட்டுக்குப் போறாங்க. அது வர நிக்கக் கூடாது' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர்கள் நிற்கவில்லை. ஜெபமாலைப் பாட்டைப் பாடிக்கொண்டே நேராக நம் தெருவுக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். 'ஏய், ஏய்!' என்று பின்னால் சத்தம். லாவண்யா திரும்பிப் பார்த்துவிட்டு வடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவள் வீட்டு ஆட்கள் தொட்டியைத் தாண்டிக் கால் வைக்கத் தயங்கி நின்றார்கள் பார், அந்த நேரத்தில் தேர் பத்து வீட்டைத் தாண்டிவிட்டது.

நம் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். வருடாவருடம் தன் கையால் குளிப்பாட்டுகிறவளைத் தன் வாசலில் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை அவளுக்கு. முந்தானையால் கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். பிறகு, சொந்தக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி, 'வாம்மா, வா. இவ்ளோ நாளாச்சா ஒனக்கு?' என்றாள். தெருவே அழுதது. நான் அழவில்லை. எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று கோபம்தான் வந்தது.

ஏழு நிமிடம். அதற்குள் நாலு ஆண்கள் வந்து பிள்ளைகளின் கையிலிருந்து வடத்தைப் பிடுங்கினார்கள். ஒரு பெண்ணுக்கு உள்ளங்கை சிராய்த்துவிட்டது. ஃபாதர் தொட்டியடியிலேயே நின்றிருந்தார். இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை.

ஜெயசீலன் சார் என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: 'லெட்டரு.'

அக்கா, நான் செய்ததற்கு வருத்தப்படவில்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து உன் நினைப்புதான். என்ன வந்தாலும் எழுது.

பிரவீணா

*

நவதுறவு இல்லம்,
பெரம்பலூர்,
06.06.2024

அன்பு பிரவீணாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். அம்மா சாப்பிடுகிறாளா? அந்தப் பெண்ணின் கைக்கு மருந்து போட்டாயா?

பங்குத்தந்தையின் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு வரி. குடும்பத்தாரிடம் கீழ்ப்படிதல் குறைவு, ஆகவே இப்போது பரிந்துரைக்க இயலவில்லை. ஜூன் 29 அன்று ஏழு பேர் வார்த்தைப்பாடு கொடுக்கிறார்கள். என்னுடையது ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. அதற்கும் உறுதி இல்லை.

ஊர்ப் பங்குக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினால் மறுபடி பேசிப் பார்க்கலாம் என்று மதர் சொன்னார்கள். காகிதமும் பேனாவும் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காகிதத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இனிமேல் என் கடிதத்தின் அடியில் எண் இருக்காது. நேராகவே எழுதுகிறேன். எனக்குக் கோபமாக இருக்கிறது, பிரவீணா. ஐந்து மாதமாகக் கழிவறை எனக்கு மட்டும் ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் தாழ்ச்சி இல்லை என்பார்களோ என்று பயந்தேன். தாழ்ச்சி வேறு, தாழ்த்துவது வேறு. இன்று காலை மதரிடம் அதைச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவர்கள் மேஜையில் வைக்கப் போகிறேன். உனக்கு வந்து சேர்ந்தால் சேரட்டும்.

இங்கிருந்து நானாகப் போக மாட்டேன். போகச் சொன்னால், ஏன் என்று கேட்டுவிட்டுப் போவேன்.

மாதா ஏழு நிமிடம் நம் வாசலில் நின்றாள் என்று எழுதினாய். எந்தப் பக்கம் பார்த்து நின்றாள்? அப்பா இருந்தாரா? அதையெல்லாம் எழுது.

உன் அக்கா,
செலின்

*

சின்னாண்டிக்குழி,
12.06.2024

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்து சேர்ந்தது. ஒரு வரிகூட அடிக்கப்படவில்லை. மதருக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. சொல்லி வைக்கிறேன்.

அப்பா இருந்தார். லாரியிலிருந்து அப்படியே இறங்கி வந்து, மேலெல்லாம் தூசியோடு மாதாவுக்குப் பக்கத்தில் நின்றார். மாதா நம் வீட்டைப் பார்த்துத்தான் நின்றாள். அந்தப் பெண்ணின் கை ஆறிவிட்டது. அம்மா சாப்பிடுகிறாள். இப்போது நன்றாகவே சாப்பிடுகிறாள். ஏன் என்று கேள்.

முப்பத்தொன்றாம் தேதி சுரூபத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் அதைப் பீடத்தில் ஏற்றவில்லை. தெற்குத் தெருவுக்குப் போய்வந்துவிட்டதாம், கழுவாமல் ஏற்றக் கூடாதாம். பேரவையில் ஒருமனதாக முடிவாம். அதனால் சாமான் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் நடுவே நிறுத்தி வைத்தார்கள். சரி, கழுவ வேண்டியதுதானே? யார் கழுவுவது என்று கேள்வி வந்துவிட்டது. வடக்குத் தெருவில் ஒருவரும் முன்வரவில்லை. கோவிலில் கழுவுகிற வேலை நம் வேலை. அதைத் தொட்டால் அவர்களுக்குக் குறைச்சல். அப்படியே ஒன்பது நாள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் மணியடிக்கிற வீரமுத்து வந்து நம் வாசலில் அம்மா முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

'சவரியக்கா, ஒன்ன வரச் சொன்னாங்க. மாதாவக் கழுவணுமாம்.'

'ஏப்ரல் கடைசியிலதான கழுவினேன். ஏன் இப்ப?'

'அதான்... இந்தப் பக்கம் வந்துட்டுப் போச்சில்ல.'

அம்மா உள்ளே போய் வாளியை எடுத்தாள், ஷாம்பூ பாக்கெட்டை எடுத்தாள், வேட்டித் துணியை எடுத்தாள். 'அம்மா, போகாத!' என்று நான் கத்தினேன், வாளியைப் பிடித்து இழுத்தேன். 'விடுடி' என்று என் கையைத் தட்டிவிட்டுவிட்டு நடந்தாள். அந்த முட்டியோடு அவ்வளவு வேகமாக அம்மா நடந்து நான் பார்த்ததில்லை. பின்னாலேயே ஓடினேன்.

கோவில் வாசலில் ஜெயசீலன் சார், பேரவைக்காரர்கள், ஃபாதர், எல்லாரும் நின்றார்கள். அம்மா நேராகப் போய் வாளியை ஜெயசீலன் சார் காலடியில் டங்கென்று வைத்தாள். அதற்குள் ஷாம்பூவையும் துணியையும் போட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கோவில் சாவியை எடுத்து அதற்கு மேலே போட்டாள்.

'இருவத்திரண்டு வருசமா இந்தக் கைதான் மாதாவக் கழுவுது' என்றாள். 'அப்பல்லாம் ஒட்டாத தீட்டு, ஏழு நிமிசம் எங்க வாசல்ல நின்னதுல ஒட்டிக்கிச்சா? அப்ப என் கை பட்டதையும் சேத்துல்ல கழுவணும்? நான் கழுவினா அது எப்படிப் போவும்? நீங்களே கழுவிக்குங்க.'

ஜெயசீலன் சார், 'சவரியம்மா, ஃபாதர் முன்னால...' என்று இழுத்தார்.

'ஃபாதர் முன்னாலதான் சொல்றேன். ஃபாதரே, எம்மவளுக்கு நீங்க எழுதுன லெட்டர் போயிச் சேந்துருச்சு. கீழ்ப்படியாத குடும்பம்னு எழுதினீங்களாம். இன்னிக்குதான் அது நெசமாச்சு.'

திரும்பி வந்துவிட்டாள். வாளி அங்கேயே இருக்கிறது. அம்மாவுக்குப் பிறகு நம் தெருவில் யாராவது வருவார்களா என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டுப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டு வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். நேற்று லாவண்யா தானாகப் போய், 'நான் கழுவுறேன், எனக்கு எதுவும் ஆவாது' என்றதாம். அதற்கும் ஒரு அடி விழுந்ததாம்.

எனக்குத் திங்கட்கிழமை காலேஜ் திறக்கிறது. போவதற்கு முன், அம்மா உனக்கு எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'வார்த்தப்பாடு அடுத்த வருசம் குடுத்தா குடுக்கட்டும். குடுக்காட்டி ஒனக்கு வூடு இருக்கு. மாதாவே வந்துட்டுப் போன வூடு.'

மாதா இன்னும் சாமான் அறையில்தான் நிற்கிறாள். நம் தெருச் சுண்ணாம்புத் தூசி பாம்பின் மேலும் காலடியிலும் அப்படியே ஒட்டியிருக்கிறது. வடக்குத் தெருக்காரர்கள் கழுவ ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

உன் தங்கை,
பிரவீணா